முள்ளும் எண்ணும்: அமிர்தகழி வீதியில் வேகமானியின் வரலாறு

மட்டக்களப்பு நகரின் வடக்கே வாவியை ஒட்டி அமைந்த அமிர்தகழி, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் அதன் தீர்த்தக் குளத்தாலும் பெயர்பெற்ற ஊராகும். வாவியின் கிழக்கே கடலோரமாக நீளும் எழுவான்கரையிலிருந்தும், மேற்கே வயல்நிலமாக விரியும் படுவான்கரையிலிருந்தும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மக்கள் அங்கே கூடும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. மாட்டு வண்டியிலும் தோணியிலும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் முச்சக்கர வண்டியிலும் வானிலும் கலப்பின மோட்டார்க் காரிலும் வருவதனால், ஊர்திகளின் வரலாற்றை ஒரே வீதியில் அடுக்கடுக்காகக் காட்டும் இடமாகவும் அது அமைந்துவிட்டது. அவ்வடுக்குகளுள் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று டாஷ்போர்ட்டில் பதிந்திருக்கும் வேகமானி, அதாவது ஊர்தி அந்தக் கணத்தில் ஓடும் வேகத்தைச் சாரதிக்குக் காட்டும் கருவி. வட்டத் தட்டில் நகரும் முள்ளால் வேகத்தைக் காட்டுவது ஒரு வகை. இலக்கங்களாகவே எழுதிக் காட்டுவது மற்றொரு வகை. முன்னதை அனலொக் என்றும் பின்னதை டிஜிட்டல் என்றும் வழங்குவர். இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் விவாதம் கார் உற்பத்தி செய்யும் நாடுகளின் வடிவமைப்பாளர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் உரியது. மட்டக்களப்பிலோ எந்த வேகமானி எப்போது வந்து சேரும் என்பதைத் தீர்மானித்தவை இறக்குமதி வரியும் அந்நியச் செலாவணிக் கையிருப்புமேயன்றி, ஓட்டுபவரின் கண் அன்று.

வேகத்தை எண்ணால் அளக்கும் பழக்கமே இப்பிரதேசத்துக்குப் பிந்தி வந்ததுதான். தோணிக்காரர் காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் பார்த்தனர். வண்டிக்காரர் மாட்டின் களைப்பையும் சாயும் பொழுதையும் பார்த்தனர். எவருக்கும் ஒரு மணி நேரத்தில் எத்தனை மைல் என்னும் வகுத்தல் கணக்குத் தேவைப்படவில்லை. பிரித்தானியர் ஆட்சியில் வீதியோரம் நாட்டப்பட்ட மைல்கற்கள் தூரத்துக்கு ஒரு பொது அளவைத் தந்தன. அக்கற்களையே கட்டை என்று அழைத்து, இன்ன ஊர் இத்தனை கட்டை தூரம் என்று சொல்லும் வழக்கு ஊன்றியது. ஆயினும் கட்டை தூரத்தைச் சொன்னதேயொழிய வேகத்தைச் சொல்லவில்லை. 1924இல் கல்லடியில் லேடி மனிங் பாலம் அமைந்தபோதும், 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியபோதும், பயணம் என்பது புறப்படும் நேரத்தாலும் போய்ச்சேரும் நேரத்தாலுமே கணிக்கப்பட்டது. அந்தப் பாலமோ ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கத்து வாகனங்கள் காத்துநிற்க வேண்டிய அளவுக்கு ஒடுங்கியது. அதன்மீது எந்தக் காரின் வேகமானிக்கும் பெரிய வேலை இருந்திருக்க முடியாது.

வேகமானிக்கு வேலை பிறந்தது ஐரோப்பாவின் வீதிகளிலும் நீதிமன்றங்களிலுமாகும். பிரித்தானியாவின் 1903ஆம் ஆண்டு மோட்டார்க் கார்ச் சட்டம் மணிக்கு 20 மைல் என்ற உச்ச வேகத்தை விதித்தபோது, அந்த எல்லையை மீறவில்லை என்பதை அறிந்துகொள்ளச் சாரதிக்கு ஒரு கருவி வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே, 1902இல், ஸ்திராஸ்பூர்க் நகரைச் சேர்ந்த பொறியியலாளர் ஒட்டோ ஷூல்ட்ஸே சுழல் மின்னோட்டத்தால் இயங்கும் வேகமானிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். லண்டனில் கடிகாரமும் நகையும் விற்றுவந்த ஸ்மித் நிறுவனம் 1904இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் காருக்கு வேகமானி பொருத்திக் கொடுத்து, பின்னர் பிரித்தானியக் கார்களுக்கான மானிகளின் முதன்மை உற்பத்தியாளராக வளர்ந்தது. பிற்காலத்தில் மட்டக்களப்பில் ஓடிய பிரித்தானியக் கார்களின் வேகமானித் தட்டுகளில் மிகுதியாகக் காணப்பட்ட பெயரும் ஸ்மித்ஸ் என்பதே.

ஷூல்ட்ஸேயின் அமைப்பு எளிமையானது. அதனாலேயே அது எண்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமின்றி நிலைத்தது. கியர்பெட்டியிலிருந்து சில்லுகளை நோக்கிச் செல்லும் தண்டில் ஒரு சிறு பற்சக்கரம் பொருந்தியிருக்கும். அது உறையொன்றினுள் கிடக்கும் முறுக்குக் கம்பியைச் சுழற்றும். இக்கம்பியையே மீற்றர் கேபிள் என்பர். கேபிளின் மறுமுனை டாஷ்போர்ட்டின் பின்புறத்தில் ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை மூடினாற்போல், ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் நிற்கும். காந்தம் சுழலும்போது அலுமினியத்தினுள் நீர்ச்சுழி போன்ற சிறு மின்னோட்டங்கள் தோன்றி, கிண்ணத்தையும் காந்தத்தின் திசையிலேயே இழுக்கும். கிண்ணத்தோடு இணைந்த மயிரிழைச் சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். இவ்விரு இழுப்புகளும் சமப்படும் இடத்தில் கிண்ணத்தின் அச்சில் பொருத்தப்பட்ட முள் நின்று வேகத்தைக் காட்டும். கார் விரைந்தால் காந்தத்தின் இழுப்பு வலுத்து முள் மேலேறும். கார் நின்றால் சுருள்வில் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும். இதற்கு மின்கலமோ மின்வயரோ தேவையில்லை. அதே கேபிள் பற்சக்கரத் தொடரொன்றின் வழியாக இலக்க உருளைகளையும் உருட்டி, கார் பிறந்தது முதல் ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் தூரமானியையும் இயக்கியது. முள் நகரும் தட்டின் நடுவிலேயே இலக்கங்கள் உருளும் சாளரமும் இருந்தமையால், அனலொக் எனப்படும் பழைய மானிக்குள்ளும் எண்ணால் காட்டும் முறை தொடக்கத்திலேயே குடியிருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தூரத்துக்கு எண்ணும் வேகத்துக்கு முள்ளும் என்று வேலையைப் பிரித்தவர்கள் காரணத்தோடுதான் பிரித்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இலங்கைக்கு வந்த கார்களில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் நிலைத்த இடம்பெற்றன. வட, கிழக்கு மாகாணங்களின் ஊர்களில் இவை வாடகைக் கார்களாகவும், ஆசிரியர்கள், வைத்தியர்கள், வணிகர்கள் ஆகியோரின் சொந்தக் கார்களாகவும் பல பத்தாண்டுகள் ஓடின. மொரிஸ் மைனரின் டாஷ்போர்ட் 1954இல் மாற்றியமைக்கப்பட்டபோது, வேகமானி சாரதியின் முன்னிருந்து நகர்ந்து, இரு பக்கமும் பொருள் வைக்கும் தட்டுகளுக்கு நடுவே ஒரே பெரிய வட்டமாக அமர்ந்தது. 1959இல் வெளிவந்த மினி காரிலும் அதே நடுவிடமே அதற்கு வாய்த்தது. ஒரே டாஷ்போர்ட்டை வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கும் இடப்புறம் ஓட்டும் நாடுகளுக்கும் மாற்றமின்றி ஏற்றுமதி செய்ய அது வழிசெய்தது. உற்பத்தியாளருக்குச் செலவு மிச்சமாயிற்று. பயனாளிகளின் பக்கத்தில் அதன் விளைவு வேறாக இருந்தது. நடுவில் நின்ற வட்டத்தைச் சாரதியைப் போலவே முன்னிருக்கையில் இருந்தவரும் பின்னிருக்கையில் நெருங்கி அமர்ந்தவர்களும் பார்க்க முடிந்தமையால், வேகம் என்பது சாரதியின் இரகசியமாக இல்லாமல் காரில் உள்ள எல்லோரும் கருத்துச் சொல்லக்கூடிய பொதுப்பொருளாயிற்று.

அத்தட்டுகள் மைலில் இலக்கமிடப்பட்டவை. வீதியோரக் கட்டைகளும் மைலில் அமைந்தவை. எனவே வீதியும் மானியும் ஒரே மொழி பேசின. 1970களில் இலங்கை மெற்றிக் அளவை முறைக்கு மாறத் தொடங்கி, வீதிக்கற்கள் கிலோமீற்றருக்கு வந்தபோது, மைல் தட்டுகளைக் கொண்ட கார்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தமையால் வீதியும் மானியும் பிரிந்தன. முள்மானியில் அந்தப் பிரிவு பெரிய இடைஞ்சலாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முள் எந்தச் சரிவில் நின்றால் கார் எப்படி ஓடும் என்பதே பழகிய சாரதியின் கண்ணில் பதிந்திருந்தமையால், அவர் இலக்கத்தைப் படிக்கவேண்டிய கட்டாயம் எழவில்லை.

காரைவிட அதிகமாகப் படுவான்கரையின் வாழ்வை மாற்றியது உழவு இயந்திரம். அதன் மானியும் இவ்வரலாற்றில் தனி இடம் பெறவேண்டும். வயல்களில் நெடுங்காலம் உழைத்த மெசி பேர்குசன் வகை உழவு இயந்திரங்களில் இருந்த வட்டமானி, காரின் வேகமானியைப் போலத் தோன்றினும், அதன் முள் காட்டியது இயந்திரம் ஒரு நிமிடத்தில் சுழலும் தடவைகளையே. எந்தக் கியரில் அந்தச் சுழற்சிக்கு என்ன வேகம் வரும் என்பது தட்டிலேயே குறிக்கப்பட்டிருந்தது; பின்புறச் சுழல்தண்டால் இயங்கும் உபகரணங்களுக்கு வேண்டிய சுழற்சியும் அடையாளமிடப்பட்டிருந்தது. நடுவில் உருண்ட இலக்கங்களோ மைலை எண்ணவில்லை, வேலை மணித்தியாலங்களை எண்ணின. அதுவும் இயந்திரம் குறித்த சுழற்சியில் ஓடும்போது மட்டுமே கடிகார மணியோடு ஒத்துப்போனது, மெதுவாக ஓடினால் மணியும் மெதுவாகவே நகர்ந்தது. இயந்திரத்தின் தேய்மானத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை. இரு சில்லு உழவு இயந்திரமான லேண்ட்மாஸ்டரிலோ வேகமானி எதுவும் கிடையாது. பெட்டி பூட்டி ஆட்களையும் நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வீதிக்கு வந்தபோதும் அதன் வேகம் காதால்தான் அளக்கப்பட்டது.

காதால் அளப்பது லேண்ட்மாஸ்டருக்கு மட்டும் உரியதன்று. கேபிளால் இயங்கிய மானிகளுக்கு நோய்கள் பல. உறைக்குள் மசகு உலர்ந்தால் கேபிள் கீச்சிடும். முறுக்குப் பிசகினால் அது விட்டுவிட்டுச் சுழன்று முள்ளை ஆட வைக்கும். வளைவு கூடிய இடத்தில் தேய்ந்து ஒருநாள் அறுந்தால் முள் பூச்சியத்தில் படுத்துவிடும், அத்தோடு தூரமானியும் நின்றுவிடும். வாவியும் கடலும் சூழ்ந்த நிலத்தின் உப்புக்காற்று எந்த இரும்புக் கம்பிக்கும் நண்பன் அன்று. ஆயினும் இந்நோய்களுள் எதுவும் காரை நிறுத்தவில்லை. முள் இறந்த பின்பும் கார் ஓடியது, சாரதி இயந்திரத்தின் ஓசையையும் கியரின் நிலையையும் கொண்டு வேகத்தை ஊகித்தார். பழுதுபார்ப்பதும் அரிதான கலையன்று. கேபிளை உருவி மசகிட்டு மீண்டும் செலுத்தவோ, வேறு வாகனத்தின் கேபிளை நீளம் பார்த்து வெட்டிப் பொருத்தவோ சிறிய கராஜ் ஒன்றில் முடிந்தது. அனலொக் காலத்தின் உண்மையான சிறப்பு முள்ளின் அழகில் இல்லை, இந்தத் திருத்தக்கூடிய தன்மையில்தான் இருந்தது.

அச்சிறப்பு நீண்டகாலம் சோதிக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டமையால், முன்னர் வந்துவிட்ட பிரித்தானியக் கார்களே தலைமுறை தாண்டி ஓடவேண்டியிருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்த பின்னரே ஜப்பானியக் கார்கள் பெருமளவில் இறங்கின. இலங்கையைப் போலவே ஜப்பானும் வாகனத்தை இடப்பக்கமாகச் செலுத்தும் நாடு. அங்கே சில ஆண்டுகள் ஓடிக் கழிக்கப்பட்ட கார், சுக்கானை மாற்றாமலே இங்கே ஓடத் தகுதியுடையது. ரிகண்டிஷன் எனப் பொதுவாக அழைக்கப்படும் இப்பயன்படுத்திய வாகனங்களின் வணிகம் இந்த ஒற்றுமையின்மீது எழுந்ததாகும். டொயோட்டா கொரொல்லாவும் நிசான் சனியும் ஹயஸ் வானும் மொரிஸ் மைனரின் இடத்தைப் பிடித்தன. டாஷ்போர்ட்டில் மைல் போய்க் கிலோமீற்றர் வந்தது. ஸ்மித்ஸ் என்னும் பெயரும் மறைந்தது. பிரித்தானியத் தட்டுகளில் கேபிள் ஒரு மைலுக்குச் சுழலவேண்டிய தடவை காருக்குக் கார் வேறுபட்டிருக்க, ஜப்பானியத் தொழில் நியமம் அதை ஒரு கிலோமீற்றருக்கு 637 சுழற்சி என்று ஒருமைப்படுத்தியிருந்தது. ஜப்பானிய வாகனங்களின் மானிகள் ஒன்றுக்கொன்று உதவக்கூடியனவாக அமைந்ததில் அந்த ஒருமைப்பாட்டுக்குப் பங்குண்டு.

அக்கால ஜப்பானியக் கார்களில் சாரதியை எச்சரிக்கும் மணியும் ஒன்று இருந்தது. ஜப்பானிய விதிப்படி 1970களின் நடுப்பகுதி முதல் 1986 வரை, கார் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியதும் மானியின் பின்னிருந்து ஒரு மணி தொடர்ந்து ஒலிக்கவேண்டும். கிறவலும் குழியுமான கிழக்கிலங்கை வீதிகளில் அந்த மணியைக் கேட்டவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

வேகத்தை எண்ணாகவே காட்டும் மானி கார்களுக்குள் நுழைந்ததும் இக்காலத்திலேயே. 1976இல் லண்டன் மோட்டார்க் காட்சியில் வெளிக்காட்டப்பட்ட அஸ்ரன் மார்ட்டின் லகொண்டா, ஒளிரும் இலக்கங்களாலான டாஷ்போர்ட்டோடு வந்தது. செல்வந்தருக்கான அந்தக் கார் வாங்கியவர் கைக்குச் சென்றது 1979இல். அதன் மின்னணு மானிகள் பழுதுக்குப் பெயர்போனவை. ஜப்பானில் டொயோட்டா சோவாரர் 1981இலும், அமெரிக்காவில் ஷெவ்ரோலே கோர்வெட்டின் நான்காம் தலைமுறை 1984ஆம் ஆண்டு மாதிரியிலும் எண்மானிகளைக் கொண்டுவந்தன. கைக்கடிகாரமும் கணிப்பானும் எண்ணுக்கு மாறிய பத்தாண்டு அது. டாஷ்போர்ட்டும் அந்த மோகத்துக்கு உட்பட்டது என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் மானிகளைக் கண் எவ்வாறு படிக்கிறது என்பது அதற்கு நெடுங்காலம் முன்னரே ஆராயப்பட்டிருந்தது. 1949இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடத்தில் வால்டர் கிரெதர் உயரமானிகளை ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், மூன்று முட்கள் கொண்ட மானியே மிகுதியான பிழைகளுக்கு இடமளித்தது என்றும், இலக்கமாகக் காட்டும் மானி விரைவாகவும் பிழை குறைவாகவும் படிக்கப்பட்டது என்றும் கண்டறிந்தார். இம்முடிவு எண்ணுக்குச் சாதகமானதாகத் தோன்றினும், அது விடையளித்தது ஒரேயொரு கேள்விக்குத்தான்: இந்தக் கணத்தில் அளவு எவ்வளவு? வேகம் கூடுகிறதா, குறைகிறதா, எவ்வளவு விரைவாகக் கூடுகிறது, எல்லைக்கு இன்னும் எவ்வளவு இடைவெளி உண்டு என்னும் கேள்விகளுக்கு, நகரும் முள் பார்த்த மாத்திரத்தில் விடை தருகிறது. மாறிக்கொண்டே இருக்கும் இலக்கத்தையோ ஒவ்வொரு தடவையும் வாசித்து மனத்தில் கழித்துப் பார்க்கவேண்டும். 1990களில் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் முள்ளுக்கே திரும்பியதற்கு, மோகம் தணிந்ததோடு இந்த வேறுபாடும் காரணமாயிற்று.

இந்த முதல் எண்மானி அலை மட்டக்களப்பை ஏறத்தாழத் தொடவேயில்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் மாவட்டத்தின் வீதிகள் சோதனைச் சாவடிகளாலும் தடைகளாலும் துண்டுபட்டுக் கிடந்தன. படுவான்கரைக்கும் நகருக்கும் இடையிலான போக்குவரத்து வவுணதீவு போன்ற இடங்களில் நின்று நின்றே நடந்தது. ஒரு பயணத்தின் நீளத்தைச் சாவடிகள் தீர்மானித்த காலத்தில் மானி எவ்வகையானது என்பது எவருக்கும் பொருட்டன்று. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் பஸ்களுமே அக்காலத்தின் ஊர்திகள்.

இதற்கிடையே, வெளியில் தெரியாத ஒரு மாற்றம் மானிக்குள் நடந்து முடிந்திருந்தது. இவ்வரலாற்றின் திருப்புமுனை என்று ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் அதையே சுட்டவேண்டும், இலக்கத் திரையின் வருகையை அன்று. 1980களின் பிற்பகுதி தொட்டு கேபிளின் இடத்தில் உணரி எனப்படும் சிறு மின்னணுக் கருவி பொருத்தப்பட்டது. அது கியர்பெட்டியின் சுழற்சியை மின்துடிப்புகளாக மாற்றும். ஜப்பானியக் கார்களில் பழைய கேபிள் சுழற்சி ஒன்றுக்கு நான்கு துடிப்பு என்ற கணக்குப் பரவலாக இருந்தது, அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 2548 துடிப்பு. கேபிள் போய்விட்டாலும் அதன் 637 போகவில்லை. அத்துடிப்புகளை எண்ணி வேகத்தைக் கணிக்கும் மின்சுற்று, படிப்படியாகத் திரும்பும் சிறு மோட்டாரொன்றைக் கொண்டு முள்ளை நகர்த்தியது. பின்னர் சில்லுகளில் வழுக்குத்தடைப் பிரேக்குக்காக வைக்கப்பட்ட உணரிகளிலிருந்தே வேகம் கணிக்கப்பட்டு, காரின் கணினிகளை இணைக்கும் பொதுத் தகவல் கம்பிவழியே மானியை அடைந்தது. ஆகவே 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த கொரொல்லாவின் முள், தோற்றத்தில் மட்டுமே பழைய முள். அதற்குப் பின்னால் இருப்பது எண்களே. முள் படுத்துவிட்டால் கேபிளை உருவிப் பார்க்கும் காலம் முடிந்து, உணரியா, வயரா, மின்பலகையா என்று சோதனைக் கருவி கொண்டு தேடும் காலம் தொடங்கியது. கராஜில் தேவைப்பட்ட அறிவும் மாறியது. உப்புக்காற்று மட்டும் மாறவில்லை. முன்பு கேபிளைத் தின்றது, பின்பு இணைப்புகளின் செம்பைப் பச்சையாக்கியது.

கண்ணுக்குத் தெரியும் எண்மானி மட்டக்களப்புக்குப் பரவலாக வந்தது டொயோட்டாவின் சிறு கார்கள் வழியாகவே. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ், பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கலப்பினக் கார். 1999இல் வந்த விட்ஸ், சிறிய பெற்றோல் கார். பிரியஸிலும், விட்ஸின் பல வகைகளிலும், வேகம் டாஷ்போர்ட்டின் நடுவே உயர்ந்த இடத்தில் ஒளிரும் இலக்கங்களாகக் காட்டப்பட்டது. மொரிஸ் மைனரின் நடுவட்டம் நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் இலக்க வடிவில் மீண்டு வந்தது எனலாம். ஒரே அமைப்பை இருபுறச் சுக்கான் நாடுகளுக்கும் பொருத்தும் வசதி இம்முறையும் கிடைத்தது. வீதியிலிருந்து மானிக்குக் கண் பெயரும் கோணமும், தூரத்திலிருந்து அண்மைக்குக் கண் குவியவேண்டிய அளவும் குறையும் என்ற புதிய நியாயமும் சேர்ந்துகொண்டது. 2011 டிசம்பரில் வந்த அக்வாவும் இதே நடுவிலக்க முறையைப் பின்பற்றியது. போர் முடிந்து, திருகோணமலை வீதியும் கல்முனை வீதியும் செப்பனிடப்பட்டு, 2013இல் கல்லடியில் புதிய பாலமும் 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்ட காலமும், கலப்பினக் கார்களுக்கு இலங்கையில் வரி குறைவாக இருந்த காலமும் ஒன்றையொன்று தொட்டுநின்றன. பிரியஸும் அக்வாவும் மட்டக்களப்பு வீதிகளில் பெருகியது எண்மானியின் கவர்ச்சியால் அன்று, வரி அட்டவணையாலும் எரிபொருள் சிக்கனத்தாலுமாகும். எண்மானி அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இக்கார்கள் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை ஆதலால், திரையில் தோன்றும் எச்சரிக்கைகளும் குறிப்புகளும் ஜப்பானிய எழுத்தில் இருந்தன. சில கார்கள் இயக்கியவுடன் ஜப்பானிய மொழியில் பேசவும் செய்தன. அத்திரையில் உரிமையாளருக்கு ஐயமின்றி விளங்கியவை இலக்கங்களே. மொழி தெரியாத டாஷ்போர்ட்டில் எண்மானி கிடைத்தது இலங்கைச் சாரதிக்கு ஒரு வகையில் வாய்ப்பு. வட்டத்தில் முள் நின்றிருந்தால் அதுவும் விளங்கியிருக்கும் என்பது வேறு விடயம். மேலும் இம்மாற்றம் ஒருவழிப் பயணமாகவும் அமையவில்லை. 2004இல் வந்த பாஸோவில் நடுவில் இருந்தது முள்மானி. 2010 டிசம்பரில் வெளியான மூன்றாம் தலைமுறை விட்ஸ் வேகமானியைச் சாரதியின் நேர்முன்னே கொண்டுவந்ததோடு, முள்ளுக்கும் திரும்பியது. ஆகவே ஒரே வீட்டில் பழைய விட்ஸைக் கொடுத்துப் புதிய விட்ஸை வாங்கியவர், எண்ணிலிருந்து முள்ளுக்கு முன்னேறியவராவார். பழையது முள், புதியது எண் என்று கோடு கிழிப்போர் இந்த ஒரு காரைப் பார்த்தாலே போதும்.

மோட்டார் சைக்கிள்களின் போக்கு இதைவிடத் தெளிவானது. மட்டக்களப்பின் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் இயந்திர ஊர்தி அதுவே. பழைய ஹொண்டாக்களில் முன்சில்லின் குடத்திலிருந்து கேபிள் ஏறி, விளக்கின் மேலிருந்த வட்டமானியை இயக்கியது. இந்தியாவின் பஜாஜ் பல்சர் 2006இல் புதுப்பிக்கப்பட்டபோது வேகத்தையும் தூரத்தையும் எண்திரைக்கு மாற்றி, இயந்திரத்தின் சுழற்சியை மட்டும் முள்ளில் விட்டது. சாரதி துல்லியமாக அறியவேண்டியதை எண்ணும், ஏற்ற இறக்கமாக உணரவேண்டியதை முள்ளும் சொல்லட்டும் என்ற இந்தப் பிரிவினை, கிரெதரின் ஆய்வு காட்டிய வழிக்கு மிக நெருக்கமானது. பெருங்கார்களின் வடிவமைப்பாளர்கள் முப்பது ஆண்டுகள் தடுமாறிய இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சரியான தீர்வைத் தொட்டது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. முச்சக்கர வண்டியோ கேபிளையும் முள்ளையும் நெடுங்காலம் விடவில்லை.

வேகமானியோடு பிறந்த தூரமானிக்கு இச்சந்தையில் வேறொரு முக்கியத்துவம் உண்டு. பயன்படுத்திய காரின் விலை அது ஓடிய தூரத்தைப் பொறுத்தது. எனவே அத்தூரத்தைக் குறைத்துக் காட்டும் மோசடி மானியின் வயதளவு பழையது. உருளைகளால் ஆன பழைய தூரமானியில் மானியைக் கழற்றி உருளைகளைப் பின்னோக்கித் திருப்பினர்; கவனமில்லாமல் திருப்பினால் இலக்கங்கள் ஒரே வரியில் நில்லாமல் கோணிக்கொள்ளும், அனுபவமுள்ள கண் அதைப் பிடித்துவிடும். மின்னணுத் தூரமானியில் எண் ஒரு நினைவகச் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்றி எழுதியவர் கோணிய இலக்கத்தை விட்டுச் செல்வதில்லை. காரின் நிலையைக் குறிக்கும் ஜப்பானிய ஏலத் தாளையும் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்கும் பழக்கம் வாங்குபவரிடையே வளர்ந்தது, மானியை மட்டும் நம்பமுடியாமற் போனதன் விளைவாகும். சுக்கான் தோலின் தேய்வு, பிரேக் மிதியின் இறப்பர், இருக்கையின் பள்ளம் ஆகியவற்றைப் பார்த்துத் தூரத்தை மதிப்பிடும் பழைய முறை இன்றும் கைவிடப்படவில்லை.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான வாயில் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. 1960களைப் போலவே இந்த ஐந்து ஆண்டுகளிலும் டாஷ்போர்ட்டின் காலம் உறைந்து நின்றது. பழைய விட்ஸும் கொரொல்லாவும் வாங்கிய விலையை விட உயர்ந்த விலைக்குக் கைமாறின. தடை நீங்கியபின் வந்துசேரும் கார்களில் தனி மானி என்று ஒன்று இல்லாமலே போகிறது. முழு டாஷ்போர்ட்டும் ஒரு திரை, அதில் வேகம் எண்ணாகவோ வரைந்து காட்டப்பட்ட வட்டத்தில் நகரும் முள்ளாகவோ சாரதியின் விருப்பப்படி தோன்றும். காந்தமும் கிண்ணமும் சுருள்வில்லும் இல்லாத இடத்தில் முள்ளின் படத்தை மட்டும் பேணி வைத்திருப்பதை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்கமுடியாது. நகர்வைப் படிக்கும் கண்ணின் பழக்கம் மாறவில்லை என்பதை உற்பத்தியாளர்களே ஒப்புக்கொண்ட செயல் அது. ஆனால் திரை பழுதானால் வேகத்தோடு எரிபொருள் அளவும் எச்சரிக்கை விளக்குகளும் சேர்ந்தே மறையும். மாற்றுத்திரையின் விலை மொரிஸ் மைனரின் கேபிளின் விலையைப் போன்றதாக இராது. ஊர்க் கராஜில் திருத்தமுடியாத மானி என்பது மட்டக்களப்புக்கு இவ்வரலாற்றின் மிகப் பெரிய இழப்பாகும்.

மானி எத்தகையதாயினும் அது காட்டும் வேகம் உண்மையான வேகம் அன்று என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஐரோப்பிய நாடுகள் உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் 39ஆம் இலக்க விதியின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீற்றர் சேர்ந்த அளவுவரை. அதாவது உண்மையில் 50இல் ஓடும் கார் 59 என்று காட்டினாலும் விதிக்குள் அடங்கும். அளவு மாறிய ரயரைப் பூட்டினால் கணக்கு மேலும் பிசகும். முள்மானியில் இந்த ஒன்பது கிலோமீற்றர் சிறு சரிவாகத் தெரிந்து மறையும்; எண்மானியோ அதைத் துல்லியமான இலக்கமாக எழுதிக் காட்டி, இல்லாத நுட்பத்தை இருப்பதாக நம்பவைக்கும். வீதியோரம் நிற்கும் பொலிசாரின் வேகமளக்கும் கருவியும் கைத்தொலைபேசியின் செய்மதிக் கணக்கும் காட்டும் எண்கள் டாஷ்போர்ட் எண்ணோடு ஒத்துப்போகாததற்கு இதுவே முதற்காரணம். இலங்கையில் மோட்டார்க் கார்களுக்கான வேக எல்லை அதிவேகப் பாதைகளில் மணிக்கு 100 கிலோமீற்றர், ஏனைய வீதிகளில் 70, கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் 50. அமிர்தகழி மட்டக்களப்பு மாநகர எல்லைக்குள் அமைந்த ஊர். 180 வரை இலக்கமிட்ட ஜப்பானியத் தட்டில், அங்குள்ள வீதிக்குச் சட்டம் அனுமதிப்பது முதல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே.